பவளத்துக்குக் கிழங்கும் வேண்டும், மீன்கறியும் வேண்டும்

எங்கள் ஊர்ப்பக்கம் மரச்சீனிக்கிழங்கு அவித்தால் கூடவே மீன்கறி இருக்கும். மீன் கிடைக்காத நாளில் காந்தாரி மிளகாய்த் துவையலாவது இருக்கும். வெறும் கிழங்கு தின்றாலும் வயிறு நிறையும், அன்றைய பாட்டுக்கு உழைக்கவும் தெம்பு வரும். ஆனால் மாதக்கணக்கில் அதையே தின்றால் உடம்பு பிடிக்காது. வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்துப் பவளம் வளர்க்கப் போகிறவர்கள் முதலில் மனதில் வாங்க வேண்டியது இதைத்தான். தொட்டிக்கு மேலே எரியும் விளக்கு பவளத்துக்குக் கிழங்கு. நாம் கொடுக்கும் தீனி மீன்கறி. இரண்டில் எது எவ்வளவு என்பதுதான் விஷயம்.

நாகர்கோவிலில் என் வீட்டு முன்னறையில் மூன்றடித் தொட்டி ஒன்று இருக்கிறது. ஒரு நாள் சாயங்காலம் நான் அதில் இறால் துணுக்குகளைப் போட்டுக்கொண்டிருந்தபோது, கடியப்பட்டணத்திலிருந்து வந்திருந்த பெரியம்மை பார்த்துவிட்டு, “மக்கா, பூவுக்கு யாராவது எறாலு போடுவாவளா?” என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். பார்ப்பதற்குப் பூவும் காளானும் போலத்தான் இருக்கும். ஆனால் பவளம் செடியல்ல, பிராணி. கரைமடியில் சிக்கி மீனவர்கள் கையைச் சிவக்க வைக்கும் சொறிக்கு, அதாவது ஜெல்லிமீனுக்கு, இது உறவு. பாலிப் என்கிற சின்ன உடல். நடுவில் ஒரு வாய். வாயைச் சுற்றி விரல்கள். வாய்க்குக் கீழே ஒரு பை, அதுதான் வயிறு. தின்பதும் அந்த வாய் வழியாக, கழிப்பதும் அதே வழியாக. விரல்களில் கொட்டும் செல்கள் இருக்கும். சொறி கொட்டுவதும் இதே ஏற்பாட்டால்தான். தண்ணீரில் மிதந்து வரும் நுண்ணிய இறால் குஞ்சு விரலில் பட்டால் செல் வெடித்து அதன் உடம்பில் ஊசி ஏற்றும், விரல் அதை வாய்க்குத் தள்ளும்.

பெரும்பாலான பவளங்கள் சின்னஞ்சிறு பாலிப்புகள் ஒட்டிச் சேர்ந்த கூட்டம். பக்கத்துப் பக்கத்துப் பாலிப்புகளைச் சதை இணைத்திருப்பதால் ஒன்று தின்றதில் கொஞ்சம் அடுத்ததற்கும் போகும். கூட்டுக்குடும்பம் மாதிரி.

சரி, பிராணி என்றால் விளக்கு எதற்கு? பவளத்தின் சதைக்குள் ஜூசாந்தெல்லே என்னும் ஒற்றைச் செல் பாசிகள் குடியிருக்கின்றன. சில இரவுகளில் அலை நீலமாக மினுங்குவதைக் கடற்கரையில் இருப்பவர்கள் பார்த்திருப்பீர்கள். அதைச் செய்யும் நுண்ணுயிர்களும் இந்தப் பாசிகளும் ஒரே பெருங்குடும்பம். இவை வெளிச்சத்தில் சர்க்கரை தயாரித்து, அதில் பெரும்பங்கை வீட்டுக்காரப் பவளத்துக்கு வாடகையாகக் கொடுத்துவிடும். பதிலுக்குப் பவளம் இடம் கொடுக்கிறது, தன் கழிவிலிருக்கும் நைட்ரஜனையும் கொடுக்கிறது. ஆழம் குறைந்த, வெயில் படும் இடத்துப் பவளங்கள் பலவற்றுக்கு அன்றாட ஆற்றலின் பெரும்பகுதி இந்த வாடகைதான்.

இது தெரியவே வெகுகாலம் பிடித்தது. 1928-29-இல் ஆஸ்திரேலியாவின் கிரேட் பாரியர் ரீஃப் பகுதியில், லோ தீவுகளில், பிரிட்டிஷ் ஆய்வுக்குழு ஒன்று தங்கியது. அதன் தலைவர் மாரிஸ் யங் பவளங்களுக்கு விதவிதமான தீனி கொடுத்துப் பார்த்தார். பிராணி உணவை வாங்கிக்கொண்டன, தாவர உணவை ஒதுக்கின. பவளம் அசல் மாமிச பட்சிணி என்று அவர் முடிவுக்கு வந்தார். 1958-இல் லெனார்ட் மஸ்கட்டினும் காடெட் ஹாண்டும் கதிரியக்கக் கார்பனைக் கொண்டு பவளத்தின் உறவான கடல் அனிமோன் ஒன்றைச் சோதித்தபோதுதான், பாசி தயாரித்த பொருள் பிராணியின் சதைக்குள் போய்ச் சேர்வது நேரடியாகத் தெரிந்தது. அப்போ யங் சொன்னது தப்பா? அதுவும் இல்லை. ஒருவர் மீன்கறியைப் பார்த்தார், மற்றவர்கள் கிழங்கைப் பார்த்தார்கள்.

கிழங்கில் மாவுச்சத்துதான் அதிகம். பாசி தரும் வாடகையும் அப்படித்தான்: சர்க்கரையும் கொழுப்பும் நிறைய, நைட்ரஜனும் பாஸ்பரசும் குறைவு. அன்றைக்கு மூச்சு விடவும் சளி சுரக்கவும் அது போதும். புதுச் சதை வைக்கவும், அடிபட்ட இடம் ஆறவும் புரதம் வேண்டும். அதை இரையிலிருந்தும், தண்ணீரில் கரைந்திருக்கும் அமினோ அமிலம், அம்மோனியம் போன்றவற்றிலிருந்தும் பவளம் எடுத்துக்கொள்கிறது. பவளப்பாறைகளைச் சுற்றியுள்ள நீர் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும். தெளிவென்றால் சத்து குறைவு என்று அர்த்தம். அந்தச் சத்தற்ற நீரில் இவ்வளவு உயிர்கள் எப்படி என்பதைச் சார்லஸ் டார்வின் பெயரால் ‘டார்வினின் புதிர்’ என்றே சொல்கிறார்கள். புதிருக்கான விடையில் ஒரு பகுதி இரவில் இருக்கிறது. பகலில் பதுங்கிக் கிடக்கும் நுண்ணிய மிதவை உயிரிகள் இருட்டியதும் மேலே வரும். அந்த நேரம் பார்த்துத்தான் பல பவளங்கள் விரல்களை விரிக்கும்.

கிழங்கு நின்றுபோகும் நாளும் உண்டு. கடல் சூடேறினால் பவளம் தன் பாசியை இழந்து வெளுத்துவிடும். மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் அப்படி வெளுத்தது. வெளுத்த பவளம் உடனே சாவதில்லை, பட்டினி கிடக்கும். ஹவாய்ப் பவளங்களை வைத்துச் செய்து 2006-இல் வெளியான ஆய்வு ஒன்றில், மோன்டிபோரா கேபிடாட்டா என்ற இனம் வெளுத்த சமயத்தில் இரை பிடிப்பதை வெகுவாகக் கூட்டி, தன் ஆற்றல் தேவை முழுவதையும் அதிலிருந்தே ஈடுகட்டியது தெரியவந்தது. கூட இருந்த வேறு இனங்களால் அது முடியவில்லை. ஆகவே எல்லாப் பவளத்துக்கும் ஒரே பந்தி கிடையாது.

வாங்கும் முன் ஒரு வார்த்தை

தீனிக்குப் போகும் முன் இதைச் சொல்லியாக வேண்டும். நம் கடலிலிருந்து பவளம் எடுத்து வந்து தொட்டியில் வைக்கலாம் என்ற நினைப்பே வேண்டாம். பாறை கட்டும் கடினப் பவளங்கள், கரும்பவளம், தீப்பவளம், கடல் விசிறி எல்லாம் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு இருக்கும் அதே பாதுகாப்பு. செத்த பவளத் துண்டுக்கும் அது பொருந்தும். ராமேஸ்வரம் தொடங்கிக் கன்னியாகுமரி வரை மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகம், 1989 முதல். ‘கல்தானே, ஒன்று எடுத்தால் என்ன’ என்று யாராவது கொண்டுவந்து நீட்டினாலும் வாங்காதீர்கள். இறக்குமதிச் சரக்கு என்று கடையில் சொன்னால் காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். என் தொட்டியில் கடினப் பவளமே கிடையாது. காளான் பவளம், ஸோவாந்திட், லெதர், ஸீனியா, அவ்வளவுதான். எல்லாம் கல் எலும்பு கட்டாத மென்மையான வகைகள். பாறைகளும் சிமென்ட் வார்ப்பு. பழகுகிறவர்களுக்கு இவையே போதும், இவைதான் சுலபமும் கூட.

இந்த நாலையும் வைத்தே தீனியின் பாடம் முழுவதையும் படித்துவிடலாம். ஸீனியா கையை விரித்து மூடி விரித்து மூடித் துடித்துக்கொண்டே இருக்கும். பார்க்கிறவர்கள் எதையோ பிடித்துத் தின்கிறது என்றே நினைப்பார்கள். செங்கடல் ஸீனியா வகை ஒன்றை ஆராய்ந்தவர்கள் 2013-இல் வேறு காரணம் சொன்னார்கள். துடிக்கும்போது சதையைச் சுற்றித் தேங்கும் ஆக்சிஜன் விலகுகிறது, பாசியின் ஒளிச்சேர்க்கை பல மடங்கு கூடுகிறது. கிழங்குக்கு விசிறி வீசுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸீனியாவுக்கும் லெதருக்கும் கையால் ஊட்ட வேண்டியதே இல்லை. வெளிச்சம், நீரோட்டம், மீன் போட்ட கழிவு கொஞ்சம் தண்ணீரில், இது போதும்.

ஸோவாந்திட்டுக்கு வாய் சின்னது. பொடித் தீனியோ, முட்டையிலிருந்து பொரிந்த ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர் இறால் குஞ்சோ கிடைத்தால் சில பிடிக்கும், சில பாராமுகமாக இருக்கும். அதன் உறவான பாலித்தோவா பேராசைக்காரன், இறால் துணுக்கு பட்டதும் மூடிக்கொள்ளும். இந்த இரண்டு வகையிலும் பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு இருக்கக்கூடும். கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடாதீர்கள். ஒட்டியிருக்கும் கல்லைச் சுடுநீரில் போடவோ கொதிக்க வைக்கவோ கூடாது. ஆவியை மூச்சில் இழுத்து ஆஸ்பத்திரிக்குப் போன குடும்பங்கள் வெளிநாடுகளில் உண்டு.

காளான் பவளத்தில்தான் ஊட்டுவதன் சுவாரஸ்யம். ரோடாக்டிஸ், ரிக்கார்டியா வகைகள் துணுக்கைத் தொட்டதும் மெதுவாகச் சுருக்குப்பை போல ஓரத்தை மடக்கும். யானைக்காது என்று சொல்லும் பெரிய வகை, அசந்து உட்கார்ந்த மீனையே பைக்குள் அடைத்துவிடும். சின்ன மீன் வளர்ப்பவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது. இன்னொரு கோடியில் இருப்பது சூரியப் பவளம்: ஆரஞ்சு நிறம், இருட்டுப் பாறையிடுக்கு வாசம், உடம்பில் பாசியே கிடையாது. கிழங்கே இல்லாமல் மீன்கறியை மட்டும் நம்பி வாழும் பிறவி. ஒவ்வொரு வாய்க்கும் வாரத்தில் பல தடவை ஊட்டினால்தான் பிழைக்கும். அதுவும் கடினப் பவளம்தான், சட்டத்துக்குள் வரும், சொல்வதெல்லாம் ஒப்பீட்டுக்குத்தான்.

தீனி எங்கே கிடைக்கும்

கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதில் ஓர் அதிர்ஷ்டம். மற்ற ஊர்க்காரர்கள் உறைய வைத்த மைசிஸ் என்னும் சிற்றிறால் கட்டிக்குக் கூரியர் பார்த்துக் காத்திருப்பார்கள். நமக்குக் குளச்சலிலும் முட்டத்திலும் கரைக்கு வந்த இறாலே இருக்கிறது. கரையில் வாங்குங்கள், கெடாமலிருக்க மருந்தில் முக்கிய இறால் வேண்டாம். தோலுரித்து, குடல் எடுத்து, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, கத்தியால் அரிசிக் குருணை அளவுக்குக் கொத்துங்கள். கொஞ்சம் கணவாயும் கல்லில் எடுத்த சிப்பிச் சதையும் சேர்க்கலாம். ஜிப் கவரில் அப்பளம்போல மெல்லிசாகத் தட்டி ஃபிரீசரில் வைத்தால் வேண்டியபோது ஓரத்தில் ஒடித்துக்கொள்ளலாம். சாளை மட்டும் வேண்டாம். மலிவு, சத்து எல்லாம் சரிதான். அதன் எண்ணெய் தண்ணீர்மேல் படலம் கட்டும், கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் கருவி நுரையே பிடிக்காமல் திணறும். உப்பும் மஞ்சளும் போட்டு வைத்த மீனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், ஆனாலும் ஒருவர் கேட்டார், அதனால் சொல்கிறேன்.

சின்ன வாய்களுக்கு ஆர்ட்டீமியா. அரை மில்லிமீட்டருக்குள் இருக்கும் உப்புநீர் இறால் குஞ்சு இது. தூத்துக்குடி உப்பளங்களிலேயே ஆர்ட்டீமியா வாழ்கிறது. முட்டை டப்பாவில் வரும். ஒரு லிட்டர் சோடா பாட்டிலைத் தலைகீழாக நிறுத்தி, முப்பது கிராம் கல்லுப்பு கரைத்து, அடியிலிருந்து காற்றுக்குழாய் விட்டு, கால் தேக்கரண்டி முட்டை போடுங்கள். நம் ஊர்ச் சூட்டுக்கு ஹீட்டர் தேவையில்லை. ஒரு நாளில் பொரிந்துவிடும். காற்றை நிறுத்தினால் ஓடுகள் மேலே மிதக்கும், ஆரஞ்சு நிறக் குஞ்சுகள் வெளிச்சம் வரும் பக்கம் கூடும். மெல்லிய துணியில் வடித்து, அலசி, அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும். நேரம் ஆக ஆகக் குஞ்சு தன் மஞ்சள் கருவைத் தானே தின்று தீர்த்துவிடும், அப்புறம் அதில் சத்து அவ்வளவாக இருக்காது.

இங்கே ஒரு கிளைக்கதை. ‘புத்தளம் உப்பளம் பக்கத்தில்தானே, அந்த உப்பையே கரைத்துத் தொட்டிக்கும் ஊற்றலாமே’ என்று எனக்கே ஒரு காலத்தில் தோன்றியது. ஆர்ட்டீமியா பொரிக்க அந்த உப்பு போதும், தொட்டிக்கு ஆகாது. உப்பளத்தில் கடல்நீர் வற்றும்போது கால்சியம் முதலிலேயே ஜிப்சமாகப் படிந்துவிடுகிறது. அதன் பிறகுதான் உப்பு பூக்கிறது. மக்னீசியம், உப்பு வாரிய பிறகு மிஞ்சும் கசப்பு நீரோடு போய்விடுகிறது. கையில் வருவது கிட்டத்தட்ட சோடியம் குளோரைடு மட்டும். பவளத்துக்கோ லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்கு மேல் கால்சியமும் 1,300 மில்லிகிராம் அளவில் மக்னீசியமும் வேண்டும். கடினப் பவளம் எலும்பு கட்டுவதே அந்தக் கால்சியத்தில்தான். ஆகவே பவளத் தொட்டிக்கென்று விற்கும் உப்புக் கலவையும் ஆர்.ஓ. தண்ணீரும்தான் வழி.

பாட்டிலில் பச்சை நிறத்தில் விற்கும் தாவர மிதவை உயிரித் திரவத்தைப் பற்றி என் கருத்து: ஆரம்பத்தில் வாங்காதீர்கள். யங் பார்த்த மாதிரி, பெரும்பாலான பவளங்களுக்கு அதில் நாட்டமில்லை. தொட்டியில் இருக்கும் கோப்பிபாடு என்னும் நுண்ணிய உயிரிகளுக்கும் சிப்பி வகைகளுக்கும் உதவும், பவளத்துக்கு நேரடியாகக் கிடைப்பது சொற்பம். அமினோ அமிலச் சொட்டுகள் பசியைத் தூண்டுவது நிஜம். ஆனால் இறால் கரைந்த நீரும் அதே வேலையைச் செய்யும்.

ஊட்டும் விதம்

விளக்கு அணைந்து அரை மணி நேரம் கழித்துத் தொடங்குங்கள். முதலில் மீன்களுக்குப் போட்டுவிடுங்கள். பசித்த மீன் பவளத்தின் வாயிலிருந்து பிடுங்கித் தின்னும். கொட்டைப்பாக்கு அளவு தீனிக் கட்டியை டம்ளரில் தொட்டித் தண்ணீர் விட்டு உருக்கி, வடிகட்டி, சாற்றைத் தனியே வையுங்கள். அந்தச் சாற்றில் இரண்டு சொட்டு பவளத்தின்மேல் விட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். வாசனை பட்டதும் விரல் புடைக்கும், வாய் லேசாகத் திறக்கும், சளி சுரக்கும். இதைப் பார்க்காமல் தீனி போட்டால் தூங்குகிற பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற கதைதான். அலை உண்டாக்கும் வேவ்மேக்கரையும் பம்பையும் நிறுத்திவிட்டு, நீண்ட பிப்பெட்டில் துணுக்கை எடுத்து, வாய்க்கு மேலே விரற்கடை உயரத்தில் மெதுவாக விடுங்கள். பீய்ச்சினால் பவளம் மூடிக்கொள்ளும். வாயைவிடச் சிறிய துணுக்காக இருக்க வேண்டும். உள்ளங்கையளவு காளானுக்குக் கொத்திய இறால் இரண்டு துணுக்கு போதும். கால் மணி நேரத்தில் விழுங்கியிருக்கும். விழுங்காததை உறிஞ்சி வெளியே எடுத்துவிட்டுப் பம்பைப் போடுங்கள்.

பம்பைப் போடுங்கள் என்பதை இன்னொரு முறையும் சொல்கிறேன். நான் ஒரு ராத்திரி மறந்துவிட்டுப் படுத்துவிட்டேன். விடியற்காலையில் மீன்கள் எல்லாம் மேற்பரப்பில் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. அதன் பிறகு பம்பை நிறுத்தும்போதே கைபேசியில் இருபது நிமிட அலாரம் வைத்துவிடுவேன்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை? காளானுக்கும் பாலித்தோவாவுக்கும் வாரம் ஒருமுறை, மிஞ்சினால் இரண்டு. பொடித் தீனி என்றால் இரண்டு விரல் நுனியில் எடுக்கும் சிட்டிகை. அவ்வளவுதானா என்று எல்லோருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஊட்டும்போது பவளம் விரிந்து வாங்குகிற சந்தோஷத்தில் இரண்டு வாரம் தினமும் ஊட்டினேன். தின்னாத இறால் கல்லிடுக்கில் அழுகி, மணலில் சிவப்புக் கலரில் வழவழப்பான படலம் படர்ந்தது. நைட்ரேட் சோதனைக் குழாய் அடர்சிவப்பாக மாறியது. நன்றாகத் துடித்துக்கொண்டிருந்த ஸீனியாக் கூட்டம் ஒரு வாரத்தில் கரைந்து போய்விட்டது. வீட்டில் நாற்றம் வேறு. வாரம் இருபது சதவீதம் தண்ணீர் மாற்றி மாற்றி ஒரு மாதத்தில் சரியானது.

பயந்து நேர்எதிராகப் போவதும் உண்டு. நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் பூஜ்ஜியமாக வேண்டும் என்று துடைத்து எடுப்பவர்களின் தொட்டியில் பவளம் நிறம் வெளிறிப் போகும், கூடவே பழுப்புச் சளி போன்ற டைனோஃபிளாஜெல்லேட் என்னும் நுண்ணுயிர்களின் பெருக்கமும் வரலாம். நைட்ரேட் லிட்டருக்கு 5 முதல் 10 மில்லிகிராம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 வரை இருந்தால் மென்பவளத் தொட்டிக்குக் கவலையில்லை. மீன் நாலைந்து இருந்து அவற்றுக்கு ஒழுங்காகத் தீனி போட்டாலே பாதி வேலை நடந்துவிடும். மீனின் கழிவும் பவளத்துக்கு எருதான்.

நம் ஊருக்கு மட்டும் இரண்டு எச்சரிக்கை. சித்திரை வெயிலில் தொட்டி 30 டிகிரியைத் தாண்டினால் ஊட்டுவதைத் தள்ளிப்போடுங்கள். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு, தின்னாத தீனி அழுகும்போது மிச்சமிருப்பதும் போய்விடும். மழைக்காலத்தில் காற்று அடித்துக் கரண்ட் போகும்போல இருக்கிற நாளிலும் ஊட்ட வேண்டாம். ஒக்கிப் புயல் அடித்த 2017 நவம்பர் 30-க்குப் பிறகு இங்கே நாள்கணக்கில் கரண்ட் இல்லை. பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று எப்போதும் கைவசம் இருக்கட்டும்.

வெளியூர் போகிறவர்கள் பவளத்தின் சாப்பாட்டை நினைத்துப் பதற வேண்டியதில்லை. விளக்கு டைமரில் எரிந்தால் ஒரு வாரமோ பத்து நாளோ வெறும் கிழங்கிலேயே ஓட்டிவிடும். மீனுக்கான தீனியை ஒரு நாளைக்கு ஒரு பொட்டலமாகக் கட்டி வைத்துவிட்டுப் போங்கள். டப்பாவை மட்டும் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடாதீர்கள். நான் பெரியம்மையிடம் கொடுத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது டப்பா காலி. “பூவு வாயத் தொறந்துட்டே நிக்குவு மக்கா, பாத்துட்டு எப்பிடி சும்மா இருக்கது?” என்றார்.